மூன்றாவது தடவை

மே மாதம் இரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கு பெரிட் லோக்கன் தன் சமையலறையில் நின்றுகொண்டு, முந்தைய நாள் கேக்கின் கடைசித் துண்டை இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே மூன்று தடவை பாதியாக்கப்பட்ட துண்டு. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் அந்த மேற்குக் கோடி ஊரில் கடைசித் துண்டை முழுசாக எடுக்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. ஒருவர் பாதி எடுப்பார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி எடுப்பார். முடிவில் விரல்நுனி அளவு ஒன்று தட்டில் கிடந்து காயும். அதைக் குப்பையில் கொட்டும்போதுதான் எல்லோருக்கும் நிம்மதி.

கேக்கின் மேல் பச்சையும் வெள்ளையும் பூசியிருந்தது. வின்ஸ்லோ பல்கலைக்கழகத்தின் நிறம். பெரிட்டின் மகள் லின்னியா, பதினெட்டு வயது, இலையுதிர்காலத்தில் அங்கே பாட்டுப் படிக்கப் போகிறாள். மே ஒன்றாம் தேதி பள்ளியின் கடைசி வருஷப் பிள்ளைகள் எல்லோரும் தாங்கள் சேரப்போகும் கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்கள், வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். லின்னியா பச்சைச் சட்டையில் நின்றாள். பெரிட் அந்தப் படத்தை ஊரில் பாதிப் பேருக்கு அனுப்பினாள். மீதிப் பாதி, அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு வந்து வரவேற்பு மேஜையிலேயே பார்த்துக்கொண்டது.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. லின்னியா அந்தப் பச்சைச் சட்டையோடேயே தூங்கியிருந்தாள் போலிருக்கிறது. கையில் போன். முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா, இதைப் படி."

பெரிட் கத்தியை வைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். வின்ஸ்லோ இசைத் துறையிலிருந்து வந்த கடிதம். பேராசிரியர் டெஸ்பினா காரஸ் வரும் பருவத்திலிருந்து ஓஹையோவில் உள்ள ஆஷ்பர்ன் இசைக் கல்லூரியில் பொறுப்பேற்கிறார், அவருக்கு எங்கள் வாழ்த்துகள், அவரிடம் சேர்ந்த புது மாணவர்களுக்கு வேறு ஆசிரியர் விரைவில் ஒதுக்கப்படுவார்.

முதல் தடவை படித்தபோது ஒன்றும் ஏறவில்லை. இரண்டாவது தடவை 'ஆஷ்பர்ன்' என்ற சொல்லில் கண் நின்றது. நான்கு நாளைக்கு முன்னால் 'மிக்க நன்றி, எங்களுக்கு இடம் வேண்டாம்' என்று அவர்கள் எழுதி அனுப்பியது அந்த ஆஷ்பர்னுக்குத்தான். அனுப்பும் பொத்தானை அழுத்தியது பெரிட்டின் விரல். அடுப்பில் காபி பொங்கி வழிந்தது, அதை அணைக்கவும் தோன்றவில்லை.

பாட்டுப் படிப்புக்கு இடம் தேடுகிறவர்கள் கட்டடத்தைப் பார்த்து மயங்கக் கூடாது என்று பெரிட்டுக்கு நன்றாகவே தெரியும். ஒரு வருஷமாக அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. நான்கு வருஷம் வாரந்தோறும் ஒரே அறையில் ஒரே ஆசிரியரோடு பிள்ளை தனியாக நிற்க வேண்டும். அந்த ஒரு ஆள் சரியாக அமைந்தால் குரல் பிழைக்கும், இல்லாவிட்டால் நான்கு வருஷமும் போச்சு, குரலும் போச்சு. அதனால் சேருவதற்கு முன்பே ஆசிரியருக்கு எழுதிக் கேட்டு, ஒரே ஒரு பாடம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். பெண் பார்க்கிற மாதிரிதான், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதுதான் தெரியாது.

பிப்ரவரியில், சாலையின் இரண்டு பக்கமும் ஆள் உயரம் பனி நின்ற ஒரு நாளில், நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வின்ஸ்லோவுக்குப் போனார்கள். டெஸ்பினா காரஸ் நியூயார்க்கில் வளர்ந்த கிரேக்கப் பெண்மணி. இருபது வருஷம் ஜெர்மனி மேடைகளில் பாடிவிட்டு வந்தவள். குள்ளமான உருவம், கனத்த கழுத்து, சாப்பிடும்போதுகூட நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிற பழக்கம். பெரிட் மூலை நாற்காலியில் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லின்னியா ஓர் இத்தாலியப் பாட்டை ஆரம்பித்தாள். நாலாவது வரியில் காரஸ் பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"யாரு உனக்கு இப்படி ஒளிஞ்சுக்கக் கத்துக்கொடுத்தது?"

லின்னியா அம்மாவைப் பார்த்தாள். பெரிட்டுக்குக் காது சூடானது. ஆறு வருஷமாகப் பள்ளிக் குழுவிலும் சர்ச் குழுவிலும் பாடுகிற பெண். பக்கத்தில் நிற்பவளின் குரலோடு கரைந்துவிட வேண்டும், நாற்பது பேர் பாடினால் ஒரே ஆள் பாடுவது போல் கேட்க வேண்டும், தனியாகத் தெரிந்தால் தப்பு. அந்த ஊர்ப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பாடுவார்கள். பாடுவதோடு நின்றுவிடுவதுமில்லை.

"தெருவுக்கு அந்தப் பக்கம் உன் நாய் ஓடுது. லாரி வருது. கூப்பிடு," என்றாள் காரஸ்.

"இங்கயா மேடம்?"

"வேற எங்க? லாரி வந்துக்கிட்டே இருக்கு."

லின்னியா கூப்பிட்டாள். முதலில் வெட்கமாக, பிறகு உண்மையாகவே லாரி வருகிறது என்பதுபோல்.

"இப்ப அந்தக் குரல்லயே பாடு. அதே ஆள்தான் பாடணும்."

பெரிட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வீட்டில் பதினெட்டு வருஷம் வளர்ந்த குரல் அது இல்லை. பெரிதாக இருந்தது, கனமாக இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் மரியாதை இல்லாமலும் இருந்தது. பாட்டு முடிந்ததும் லின்னியா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள், சிரிப்பும் சத்தமாகவே வந்தது.

வாசல்வரை வந்து வழியனுப்பியபோதுதான் காரஸ் முதல் தடவை சொன்னாள். "நல்ல குரல். இதோட வேலை செய்ய எனக்கு ஆசைதான். ஆனா ஒண்ணு, என்னை நம்பி இந்த இடத்தை முடிவு பண்ணாதீங்க. வேற எங்கெல்லாம் விண்ணப்பம் போட்டிருக்கீங்க?" லின்னியா பட்டியல் சொன்னாள். "ஆஷ்பர்ன் நல்ல இடம். அதைக் கைவிட்டுறாதீங்க," என்றாள் காரஸ்.

வண்டியில் ஏறியதும் பெரிட், "என்ன அடக்கம் பாரு அந்தம்மாவுக்கு," என்றாள்.

அவள் அப்படி நினைத்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த ஊரில் முதல் 'வேண்டாம்' கணக்கில் வராது. ஒருவர் வீட்டுக்குப் போனால் காபி சாப்பிடுகிறீர்களா என்பார்கள், ஐயோ வேண்டாம் என்க வேண்டும். கொஞ்சம்தான் என்பார்கள், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்க வேண்டும். போட்டே வைத்திருக்கிறேன் என்று மூன்றாவது தடவை சொன்னால், சரி, அரை கோப்பை என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்பவர் ஒன்று குழந்தையாக இருக்க வேண்டும், இல்லை வெளியூராக இருக்க வேண்டும். அவள் கணவன் ஆரின் அந்தக் காலத்தில் கல்யாணத்துக்குக் கேட்டபோதே பெரிட் இரண்டு தடவை 'அதுக்கென்ன அவசரம்' என்றவள்தான். மூன்றாவது தடவை கேட்க அந்த மனிதன் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டான். அவள் அந்தப் பதினோரு மாதமும் வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

மார்ச்சில் வின்ஸ்லோவிலும் இடம் கிடைத்தது, ஆஷ்பர்னிலும் கிடைத்தது. ஏப்ரலில் வின்ஸ்லோ, இடம் கிடைத்த பிள்ளைகளை ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லி அழைத்தது. பெரிட் எலுமிச்சைச் சாறு விட்டுச் செய்த சதுர இனிப்பை ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டு போனாள். காரஸின் அறையில் டப்பாவைத் திறந்து நீட்டினாள். காரஸ் உடனே ஒன்றை எடுத்தாள். கூடவே இன்னொன்றையும் எடுத்தாள். பெரிட் ஒரு நொடி திகைத்துத்தான் போனாள், வேண்டாம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று. அன்று ராத்திரி ஆரினிடம் இதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

சாப்பிட்டுக்கொண்டே காரஸ் கேட்டாள். "ஆஷ்பர்ன் என்ன ஆச்சு?"

"கிடைச்சிருக்கு மேடம்," என்றாள் லின்னியா.

"நான் உங்க இடத்துல இருந்தா அங்கதான் அனுப்புவேன்." காரஸ் விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துவிட்டு, பெரிட்டை விட்டுவிட்டு லின்னியாவையே பார்த்தாள். "நிஜமாத்தான் சொல்றேன். என்னோட படிக்கணும்னா... இல்ல, அதை விடு. அங்க போ. புரியுதா?"

லின்னியா அரை அடி முன்னால் வந்தாள். "மேடம், அப்ப நீங்க..."

"லின்னியா, மேடத்துக்கு நேரமாகுது. அடுத்தவங்க வெளிய நிக்கிறாங்க," என்றாள் பெரிட்.

லின்னியா வாயை மூடிக்கொண்டாள். காரஸும் மூடிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது லின்னியா சொன்னாள். "அவங்க நிஜமா சொன்ன மாதிரி இருந்துச்சும்மா."

"அப்படித்தான் சொல்வாங்க. பெரிய மனுஷங்க, வாடீன்னு கையைப் பிடிச்சா இழுப்பாங்க? ரெண்டு தடவை ஆச்சு."

சந்தேகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச் சமையல்கூடத்தில் கோப்பை கழுவும்போது வெர்னாவிடம் கேட்டாள். முப்பது வருஷமாக ஊரில் நடந்த சாவுச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் வெர்னாதான் பொறுப்பு. யார் எதை எந்தக் குரலில் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்.

"ரெண்டு தடவை வேணாம்னாளா?" என்றாள் வெர்னா. "அப்ப உன் பொண்ணு மேல உசுரா இருக்கான்னு அர்த்தம். இன்னொரு தடவை கேட்டு வை. மரியாதையா, எழுதிக் கேளு."

பெரிட் எழுதினாள். 'எங்கள் பெண் உங்களிடம் படிக்க ஆசைப்படுகிறாள், உங்களுக்குச் சிரமம் என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.' பத்து நாள் ஆயிற்று, பதில் வரவில்லை. மூன்றாவது தடவைக்கு மறுப்பு வரவில்லை என்றால் சரி என்றுதானே பொருள். பெரிட்டுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து மூவரும் உட்கார்ந்தார்கள். லின்னியா மட்டும், "ஒரு தடவை அவங்களுக்கு போன் போட்டுக் கேட்டுரலாமாம்மா?" என்றாள்.

"எழுதியாச்சு. மறுபடி போன் போட்டு நச்சரிச்சா நல்லாவா இருக்கும்?"

"சரிம்மா. பரவாயில்ல."

அந்தப் 'பரவாயில்ல'வை பெரிட் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள். ஆஷ்பர்னுக்கு வேண்டாம் என்றும் வின்ஸ்லோவுக்கு வருகிறோம் என்றும் அவளே அழுத்தினாள். லின்னியாவின் கை மடியில் இருந்தது.

இதெல்லாம் இப்போது அந்தச் சமையலறையில் அவள் தலைக்குள் ஒவ்வொன்றாக வந்து நின்றது. ஆரின் வெளியிலிருந்து பூட்ஸோடு உள்ளே வந்தான். மாவட்டச் சாலைத் துறையில் குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளுவான், வசந்தத்தில் குழி அடைப்பான். வழிந்த காபியைப் பார்த்து அடுப்பை அணைத்தான். போனை வாங்கி உதடு அசைய மெதுவாகப் படித்தான்.

"அந்த எலுமிச்சை இனிப்பு," என்றான்.

"என்ன?"

"முதல் தடவையே எடுத்துக்கிட்டாங்கன்னு நீதானே சொன்னே. ரெண்டு."

"அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. அப்படிப்பட்ட ஆளுங்க வேணாம்னா வேணாம்தான்."

வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற மனிதன், அதில் ஒன்றை இங்கே செலவழித்தான். பெரிட்டுக்கு முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி இருந்தது. கண்ணால் பார்த்திருக்கிறாள். பார்த்துச் சிரித்தும் இருக்கிறாள். கை நீட்டி எடுக்கிற ஆள், வாய் திறந்து மட்டும் எப்படிச் சுற்றிவளைத்துப் பேசுவாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

பிப்ரவரிப் பாடத்துக்கு நேரம் குறிக்கும்போது காரஸ் கொடுத்த எண் இருந்தது. பெரிட் கூப்பிட்டாள். போனை மேஜையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்தாள்.

காரஸ் எடுத்தாள். தூக்கக் குரல். யார் என்று தெரிந்ததும் தூக்கம் போய்விட்டது. "கடிதம் வந்திருச்சா? சொல்லுங்க, ஆஷ்பர்ன்தானே போறா?"

பெரிட் போனை நோக்கிக் குனிந்தாள்.

"வின்ஸ்லோவுக்குச் சரின்னு சொல்லிட்டோம்," என்றாள் பெரிட். "நாலு நாள் ஆச்சு."

"என்னது?" காரஸின் மூச்சு போனில் கேட்டது. "ஏன்? ஏம்மா அப்படிச் செஞ்சீங்க? மார்ச்லயே நான் ஆஷ்பர்ன்ல கையெழுத்துப் போட்டாச்சு. மே மாசம் அவங்களா அறிவிக்கிறவரை ஒரு வார்த்தை வெளிய விடக் கூடாது. இங்கேயிருந்து ஒரு பிள்ளையை அங்க இழுத்தேன்னு பேர் வந்தா என் வேலை போயிரும். அப்படியிருந்தும் வாய்விட்டுச் சொன்னேனே, அங்க அனுப்புங்கன்னு. அதுக்கு மேல நான் எப்படிச் சொல்றது?"

"நான் எழுதியிருந்தேன். நீங்க பதில் போடல."

"எழுத்துல எப்படிப் போடுவேன்? அதுல என்ன பதில் போட்டாலும் ஆபத்து எனக்கு. அதான் முன்னாடியே நேர்ல சொல்லியாச்சேன்னு விட்டுட்டேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை சொன்னேன். உங்க ஊர்ல ஒரு விஷயத்தை எத்தனை தடவைதான் சொல்லணும்?"

"மூணு தடவை," என்றாள் பெரிட்.

அவள் குதர்க்கமாகச் சொல்லவில்லை. கேட்டதற்கு உண்மையான பதில் அதுதான், அது தானாக வாயிலிருந்து விழுந்துவிட்டது. ஆரின் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அது தெரியாதே," என்றாள் காரஸ் கடைசியில். குரலில் கோபம் இல்லை, அதுதான் பெரிட்டுக்குத் தாங்கவில்லை. "லின்னியா, இருக்கியா? நான் அங்க யார்கிட்டயும் உனக்காகப் பேச முடியாது. அதுவும் நான் கையெழுத்துப் போட்ட காகிதத்துல இருக்கு. ஆபீஸ் திறந்ததும் நீங்களே கூப்பிடுங்க. சுத்தி வளைக்காம கேளுங்க."

ஓஹையோவில் ஒன்பது மணி ஆனபோது இங்கே எட்டு. பல் ஆஸ்பத்திரியில் முதல் நோயாளி வந்து பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். பெரிட்டுக்கு அது நினைவிலேயே இல்லை. ஆஷ்பர்னில் ஒரு பெண் எடுத்தாள், இனிமையாகப் பேசினாள், விவரம் கேட்டுக்கொண்டு எதையோ தட்டிப் பார்த்தாள்.

"மன்னிக்கணும். நீங்க விட்ட இடத்தை, காத்திருப்புப் பட்டியல்ல இருந்த ஒருத்தருக்கு நேத்தே கொடுத்துட்டோம்."

"ஓ," என்றாள் பெரிட். "சரிங்க. பரவாயில்லைங்க. காலங்காத்தால உங்களை வேற தொந்தரவு..." நாற்பத்தேழு வருஷப் பழக்கம். கை தானாகப் போனை அணைக்கப் போனது.

லின்னியா அவள் கைக்கு அடியிலிருந்து போனை இழுத்துக்கொண்டாள்.

"என் பேர் லின்னியா லோக்கன். பரவாயில்லைன்னு அம்மா சொன்னாங்க, எனக்கு அப்படி இல்ல. வேற வாத்தியார்கிட்ட இடம் இருக்கா?"

பிப்ரவரியில் அந்த அறையில் கேட்ட குரல் அது. சமையலறைக்கு அது பெரிதாக இருந்தது.

"இல்லம்மா. குரலிசையில் எல்லா இடமும் நிரம்பிருச்சு."

"யாராவது விலகினா?"

"இந்த வருஷத்துக்கு இனிமே எடுக்க மாட்டோம்மா. பொய் நம்பிக்கை கொடுக்க விரும்பல."

"சரி. புரியுது. அடுத்த வருஷத்துக்கு நான் மறுபடி பாடிக் காட்ட வரலாமா?"

"வரலாம். ஆனா இப்பக் கிடைச்சதெல்லாம் கணக்கில் வராது. எல்லாரையும் போல முதல்லேர்ந்து வரணும். கிடைக்கும்னு சொல்ல முடியாது."

"வர்றேன். நன்றிங்க."

லின்னியா போனை மேஜையில் வைத்தாள். இரண்டு 'இல்லை'யையும் இல்லை என்றே வாங்கிக்கொண்டு, மூன்றாவதாக வேறு கேள்வி கேட்ட பெண்ணை பெரிட் வாய் பிளந்து பார்த்தாள். யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. தன்னிடம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

"நான் வின்ஸ்லோ போகல," என்றாள் லின்னியா.

"கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. அங்க யாரோ ஒருத்தர்கிட்ட போய் மறுபடி ஒளிஞ்சுக்க மாட்டேன். ஒரு வருஷம் வேலைக்குப் போறேன். பிப்ரவரியில ஆஷ்பர்ன்ல பாடுறேன். கிடைக்கலைன்னா அதுக்கடுத்த வருஷம்."

"ஒரு வருஷம் சும்மா இருந்தா ஊர்ல என்ன..." என்று ஆரம்பித்த பெரிட் பாதியில் நிறுத்தினாள். ஊரின் பாதிப் பேரிடம் அந்தப் பச்சைச் சட்டைப் படம் இருந்தது.

"நான் அவங்ககிட்ட கேக்க வாயெடுத்தேன்," என்றாள் லின்னியா. அழவில்லை, சத்தமும் போடவில்லை. "அவங்களும் சொல்ல வந்தாங்க. நீ நேரமாச்சுன்னே."

"மரியாதைக்குச் சொன்னேன்."

"இல்லம்மா. ஆஷ்பர்ன் பதினாலு மணி நேரம். வின்ஸ்லோ நாலு மணி நேரம். உனக்கு ஞாயித்துக்கிழமை வந்து பாக்கிற தூரத்துல நான் இருக்கணும். அவங்க வேணாம்னு சொன்னது உன் காதுல வேணும்னு விழுந்ததுக்கு அதான் காரணம். அதை நீ நேராவே சொல்லியிருக்கலாம்."

பெரிட் மறுக்க வாயெடுத்தாள். மரியாதைக்கு மறுப்பதுதானே முறை. ஆனால் சர்ச் முடிந்து புறப்பட்டால் சாயங்காலச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், அழுக்குத் துணியை வாங்கி வந்து துவைத்துக் கொடுக்கலாம், கச்சேரி இருந்தால் முதல் வரிசையில் உட்காரலாம் என்று மார்ச்சிலேயே கணக்குப் போட்டுவைத்திருந்தவள் அவள்தான். அந்தக் கணக்கை ஆரினிடம்கூடச் சொன்னதில்லை. தனக்கே இப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"ஆமா," என்றாள்.

ஆரின் தலையைத் தூக்கிப் பார்த்தான். கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் முதல் தடவையிலேயே ஆமாம் சொல்லி அவன் கேட்டதில்லை.

லின்னியா மேஜைக்கு வந்தாள். தட்டில் அம்மா வெட்டிவைத்த இரண்டு துணுக்குகளும் பச்சையும் வெள்ளையுமாகக் கிடந்தன. இரண்டையும் சேர்த்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசித்திருக்கும். தட்டு காலியானது. அந்த வீட்டில் தட்டு அப்படிக் காலியாகிப் பார்த்ததே இல்லை என்பதால், பெற்றோர் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பிப்ரவரியில உன்னை நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் பெரிட். "ஆஷ்பர்னுக்கு."

"வேணாம்."

"பதினாலு மணி நேரம். அந்த மாசத்துல பனி எப்படி இருக்கும்னு அப்பாவைக் கேளு. வண்டி மட்டும் ஓட்டுறேன். உள்ள வரமாட்டேன், வண்டியிலயே உக்காந்திருக்கேன்."

"வேணாம்மா."

பெரிட்டின் நாக்கில் மூன்றாவது தடவை தயாராக இருந்தது. பிறந்ததிலிருந்து இந்தப் பெண்ணிடம் அவள் எல்லாவற்றையும் மூன்று தடவை கேட்டிருக்கிறாள். பால் வேண்டுமா, ஸ்வெட்டர் வேண்டுமா, அம்மா கூட வரட்டுமா. மூன்றாவது தடவை லின்னியா எப்போதும் சரி என்றுதான் சொல்வாள். இப்போது கேட்டாலும் சொல்லிவிடுவாளோ என்று பெரிட்டுக்கு ஒரு கணம் ஆசை வந்தது. பயமும் வந்தது. லின்னியா கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி," என்றாள் பெரிட்.

லின்னியா தலையாட்டிவிட்டுச் சட்டை மாற்ற மாடிக்குப் போனாள். பெரிட் காலித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் கழுவ ஒன்றுமே இல்லாதபோதும், குழாயடியில் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.